மைக்செட் வயர்ல வந்த இன்டர்நெட்

ராஜபாளையத்துல மதார் சாகிப்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க. மைக்செட்காரர்னு கேட்டாப் போதும், வீட்டு வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்து விட்டுருவாங்க. செட்டியார்பட்டில கல்யாணமா, சுந்தரபாண்டியத்துல கோயில் கொடையா, தர்காவுல கந்தூரியா, எல்லாத்துக்கும் அவரு ஹாரன்தான் கத்தும். அவருக்கு ஒரே பொண்ணு அசீனா. நான் எழுத வந்தது அவங்களைப் பத்தித்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஞானபாக்கியம் மேடம் வச்சிருக்கிற டிடிபி சென்டர்ல எனக்குப் பக்கத்து சீட்டு அசீனாக்கா. 1999ல நடந்ததை அவங்க மதியச் சோத்துக்கு நடுவுல கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னாங்க. பொறவு நானாப் போயி மத்தவங்ககிட்டயும் கேட்டேன். கேட்டதுலருந்து யார்கிட்டயாவது சொல்லணும் சொல்லணும்னே இருக்கு, அதான் உக்காந்து அடிக்கிறேன்.

அசீனாக்கா பிளஸ் டூ முடிச்சதும் டைப்ரைட்டிங் படிச்சாங்க. லோயர், ஹையர் ரெண்டும் பாஸ். மேல படிக்க வைக்கல, கல்யாணம் பண்ணி வச்சாங்க. மாப்பிள்ளை அப்துல் ஹமீது சைக்கிள் கடையில வேலை பார்த்தவர். வீட்டோட மாப்பிள்ளை. அந்த மனுஷனைப் பத்திச் சொல்லும்போது மட்டும் அக்கா குரல் லேசா எறங்கும். "வேலைக்குப் போறேன்னு நான் கேக்கவே இல்ல. அவியளா எங்கயோ விசாரிச்சிட்டு வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு அம்மா கம்ப்யூட்டர் வச்சிருக்காவளாம், போறியான்னு கேட்டாவ"ன்னு சொல்லுவாங்க. தெனமும் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சைக்கிள்ல கொண்டு வந்து விட்டுட்டு, பஸ் கெளம்புற வரைக்கும் ஜன்னலுக்குக் கீழயே நிப்பாராம். கண்டக்டர் பால்ச்சாமி கிண்டல் பண்ணுவாராம், "ஏலே மாப்ள, பஸ்ஸு துபாய்க்குப் போகல, பதினஞ்சு இருவது நிமிசத்துல ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துரும், நீ வீட்டுக்குப் போ"ன்னு.

1999 ஆரம்பத்துல அவருக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு. பச்சிலை குடிச்சாரு, பத்தியம் இருந்தாரு, கடைசியா மதுரைக்குக் கொண்டு போனாங்க. திரும்பி வரும்போது அவரு உசுரில்லாம, மௌத்தாகித்தான் வந்தாரு. அசீனாக்காவுக்கு இருவத்தாறு வயசு. பொண்ணு சௌதா அப்பத்தான் பாலர் பள்ளிக்குப் போக ஆரம்பிச்சிருந்தா.

புருஷன் மௌத்தானா பொண்டாட்டி இத்தா இருக்கணும். நாலு மாசம் பத்து நாள். வாசலைத் தாண்டக் கூடாது, வெளி ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது. அக்கா வீட்டு வழக்கத்துல இன்னும் ஒரு படி மேல, குரலே தெருவுக்குப் போகக் கூடாது. அக்கா அதைச் சலிப்பாச் சொல்லல. அந்த நேரத்துல வெளிய வரவே தோணலன்னுதான் சொன்னாங்க. ஆனா ஒரு பயம் மட்டும் இருந்திருக்கு. அத்தாவுக்கு, அதான் மதார் சாகிப்புக்கு, வயசாகுது, மைக்செட்டுத் தொழில் முகூர்த்தத்துக்கு முகூர்த்தம்தான் ஓடும். அப்போ சென்டருக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்துச்சு. வெளிநாட்டுப் பழைய புஸ்தகங்களைப் படமாப் புடிச்சு, ஒரு சென்னைக் கம்பெனி காலைல ஈமெயில்ல அனுப்பும். அதைப் பாத்து எழுத்தெழுத்தா அடிச்சு சாயங்காலத்துக்குள்ள திருப்பி அனுப்பணும். நாலு மாசம் சீட்டு காலியா இருந்தா வேற பொண்ணு வந்து உக்காந்துரும். அந்தப் பொண்ணை எழுப்பிட்டு உக்காரவா முடியும்.

ஞானபாக்கியம் மேடம் துக்கம் கேக்க வந்தாங்க. அக்காகிட்ட செத்த நேரம் சும்மா உக்காந்திருந்துட்டு, எந்திரிக்கும்போது, "நீ வெளிய வரக் கூடாது, கம்ப்யூட்டர் உள்ள வரலாம்ல?"ன்னு கேட்டாங்களாம். அடுத்த வாரமே மினி லாரில ஒரு கம்ப்யூட்டர் வந்து எறங்கிருச்சு. மேடம் அப்படித்தான். பாசம் காட்டுற மாதிரி தெரியாது, வேலையில ஒரு எழுத்து பிசகுனா விடவும் மாட்டாங்க.

முதல்ல பிளாப்பிதான். மேடம் காலைல பக்கங்களைப் பிளாப்பில ஏத்தி பால்ச்சாமி கையில குடுப்பாங்க. அவரு ராஜபாளையம் வந்ததும் மதார் சாகிப்கிட்ட குடுப்பாரு. சாயங்காலம் அதே வழியில திரும்பிப் போகும். மூணாவது நாளே மேடத்துகிட்ட இருந்து போன். பிளாப்பியைத் தொறந்தா ஒண்ணுமே இல்லயாம். மறுபடி அடிச்சாங்க. அடுத்த வாரம் இன்னொண்ணும் அப்படியே ஆச்சு. எல்லாரும் பால்ச்சாமியைத்தான் சந்தேகப்பட்டாங்க, அவரு டிக்கெட் பையில வெத்தலையோட வச்சிருப்பாருன்னு. அவருக்கு ரோசம் வந்து நேரா வீட்டுக்கே வந்துட்டாரு. வாசல்ல நின்னுக்கிட்டு, "சாயபு, நீங்க இந்தத் தட்டை எங்கய்யா வைப்பீங்க"ன்னு கேட்டிருக்காரு. மதார் சாகிப் கையைக் காட்டுனாரு. முன் ரூம்ல ஹாரனுக்குப் பின்னாடி மாட்டுற யூனிட்டை எல்லாம் வரிசையா அடுக்கி வச்சிருக்காரு, அதுல ஒண்ணு மேல பிளாப்பி உக்காந்திருக்கு. யூனிட்டுக்குள்ள இருக்கிறது அத்தனையும் காந்தம். பிளாப்பில காந்தம் பட்டா எழுதுனது எல்லாம் அழிஞ்சிரும்னு அந்த வீட்டுல அக்கா ஒருத்தங்களுக்குத்தான் தெரியும், அவங்க முன் ரூமுக்கே வர்றது இல்ல.

இனிமே அலமாரில வைக்கிறோம்னு போன்ல சொன்னதுக்கு மேடம், "உங்க வீட்டுல காந்தம் இல்லாத எடம் ஒண்ணு சொல்லு பாப்போம்"னு கேட்டிருக்காங்க. அப்பத்தான் மேடம் கண்டிப்பா ஒரு முடிவு சொன்னாங்க. மோடம் ஒண்ணு குடுத்து விடுவாங்க, வீட்டு போன்லயே போட்டு அக்காவே நேரா இன்டர்நெட்ல எடுத்து அனுப்பணும். செட் பண்ணிக்கக் கொஞ்ச நாள் டயம். பொறவு ஒரு வாரம் முழுக்க சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பக்கம் வந்து சேந்தா வேலை அக்காவுக்கு. ஒரு நாள் தவறினாலும் கம்ப்யூட்டரை எடுத்துக்கிட்டு வேற ஆளைப் போட்டுருவாங்க. சென்னைக்காரன் கழுத்துல கத்தி வச்சிருக்கான், நான் என்ன பண்ணன்னாங்களாம்.

சரி, அந்த போன் லைனைப் பத்திச் சொல்லணும். அது இல்லாம இந்தக் கதையே இல்ல.

அந்தத் தெருவுலயே முதல் போன் மதார் சாகிப் வீட்டுல வந்ததுதான். வந்த புதுசுல தெருவுக்கே அதான் போன். பக்கத்து வீட்டு வெள்ளைத்தாய் அத்தைக்குப் புருஷன் இல்ல, ரெண்டு மாடு, ஒரு மகன். மகன் கருத்தையா துபாய்க்கு பில்டிங் வேலைக்குப் போயிட்டான். அவன் ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போதெல்லாம் அத்தை ஓடி வர வேண்டியதா இருந்துச்சு. மதார் சாகிப் பாத்தாரு, ஒரு பழைய போன் பெட்டியை வாங்கி, தன் லைன்லருந்தே ஒரு வயரை இழுத்து, செவத்து மேல ஏத்தி, அந்த வீட்டு அடுப்படி வரைக்கும் கொண்டு போயி மாட்டி விட்டுட்டாரு. இங்க மணி அடிச்சா அங்கயும் அடிக்கும். ஆபீஸ்ல யாரும் கேக்கவும் இல்ல, இவரு சொல்லவும் இல்ல.

அதுக்கு அவரு போட்டது மைக்செட் வயரு. நல்ல தடி வயரு, சத்தம் கொறையாதுங்கிறது அவரு கணக்கு. ஆனா மைக்செட் வயருக்கு ஒரு கொணம் இருக்கு. ஒவ்வொரு விசேஷத்துக்கும் ஒவ்வொரு நீளம் வேணும். அதனால வெட்டுவாங்க, ஒட்டுவாங்க. ரெண்டு முனையை முறுக்கி டேப்பைச் சுத்தி விட்டா வேலை முடிஞ்சது, காலைல கழட்டுறதுதான. அந்த வழக்கத்துலயே அவரு போன் லைனையும் கட்டிட்டாரு. கல்யாணத்துக்குக் கட்டுற மாதிரி கட்டுன லைன் எட்டு வருஷமாக் கழட்டாமக் கெடந்துச்சு. வெயிலு, மழை, டேப் உரிஞ்சு தொங்குது, ஒட்டுல எல்லாம் பச்சைக் களிம்பு.

பேச்சு கேட்டுச்சு. அதனால யாருக்கும் கொறை தெரியல. வெள்ளைத்தாய் அத்தைக்கு மட்டும் சத்தம் கெணத்துக்குள்ளருந்து வர்ற மாதிரிதான் வரும், அதனால அவங்க தொண்டை கிழியக் கத்துவாங்க. துபாய் தூரமாச்சே, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சுக்கிட்டாங்க. ஞாயித்துக்கிழமை கருத்தையா என்ன தின்னான்னு தெரு முழுக்கத் தெரியும்.

மோடம் வந்துச்சு. முப்பத்து மூவாயிரத்து அறுநூறு வேகம்னு டப்பால போட்டிருந்துச்சு. டயல் பண்ணா கீ கீன்னு கத்தி, கரகரன்னு இழுத்து, கடைசில ஸ்கிரீன்ல நாலாயிரத்து எண்ணூறுன்னு காட்டுச்சு. ஒரு பக்கத்துப் படம் வர்றதுக்குள்ள சோத்தை வடிச்சு எறக்கிரலாம்னு அக்கா சொன்னாங்க. அதுவும் முழுசா வராது, பாதில அத்துக்கும். போதாக்குறைக்கு அந்தப் பக்கம் வெள்ளைத்தாய் அத்தை ரிசீவரை எடுத்துப் பாப்பாங்க. எடுத்த ஒடனே கனெக்‌ஷன் போயிரும். செவத்துக்கு மேல குரல் வரும், "ஏட்டி அசீனா, போனுக்குள்ள நரி ஊளையிடுதுட்டி. எங்கயும் கடிச்சு கிடிச்சு வச்சிராமப் பாத்துக்க."

லைன் கம்ப்ளைன்ட் குடுத்தாங்க. லைன்மேன் சங்கிலிப்பாண்டி வந்தாரு. அவரு முன்னாடி அக்கா வரக் கூடாது. மதார் சாகிப்தான் நடுவுல நின்னு அங்கிட்டும் இங்கிட்டும் சேதி சொன்னாரு. சங்கிலிப்பாண்டி போஸ்ட்டுல ஏறி, பெட்டியில இந்த வீட்டு வயரைக் கழட்டிட்டு, தன் டெஸ்ட் போனை மாட்டிக் கேட்டாரு. கரகரப்பே இல்ல. திருப்பி மாட்டுனாரு, கரகரன்னுச்சு. "பாய், எங்க பக்கம் சுத்தம். கோளாறு உங்க வீட்டுக்குள்ளதான்"னு சொல்லிட்டு எறங்கிட்டாரு. மதார் சாகிப்புக்குப் பொறுக்கல. முப்பது வருஷமா வயரு இழுக்கிறவன் வீட்டுல கோளாறான்னு அன்னைக்குப் பூரா புலம்பியிருக்காரு. ஆரிபாம்மா, அதாவது அக்காவோட அம்மா, "ஆமா, நீங்க இழுத்த வயருல ஊருக்கே பாட்டு கேக்கும், நம்ம வீட்டுலதான் ஒண்ணும் கேக்காது"ன்னாங்களாம்.

மறுநாள் அத்தா வேலைக்குப் போனதும் அக்கா அந்த வயரைத் தடவிக்கிட்டே வீட்டுக்குள்ள நடந்தாங்க. வீடு முழுக்க, கையாலயே. எங்க கையில முண்டு தட்டுதோ அங்க ஒரு ஒட்டு. டியூப் லைட்டுப் பட்டியோட சேத்துக் கட்டுன எடத்துல, அதோட இரைச்சல் லைன்ல ஏறும்னு, பிரிச்சுத் தள்ளி விட்டாங்க. அத்தாவோட ஈயம் பத்த வைக்கிற இரும்பை எடுத்து, ஒவ்வொரு ஒட்டையும் பிரிச்சு, பிளேடால சொரண்டி, ஈயம் வச்சாங்க. சின்ன வயசுலருந்து அவரு ஆம்ப்ளிபயருக்கு ஈயம் வைக்கிறதைப் பாத்து வளந்தவங்கதான. வேகம் ஒம்பதாயிரத்து அறுநூறு ஆச்சு. இன்னும் பத்தாது.

மிச்சம் இருந்தது செவத்தைத் தாண்டிப் போற பாதி. அங்க அக்கா போக முடியாது. போனாலும் அது மழையிலயும் வெயில்லயும் கெடக்கிற வயரு, ஈயம் வச்சு மாளாது. அந்தப் பாதியை மட்டும் செத்த நேரம் கழட்டிப் பாப்போம்னு கழட்டுனாங்க. டயல் பண்ணாங்க.

இருபத்தெட்டாயிரத்து எண்ணூறு.

அக்கா அந்த நம்பரைச் சொல்லும்போது எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சுது, சத்தியமா. படம் மேலருந்து கீழ சேலை விரிக்கிற மாதிரி எறங்குச்சாம். ஒரு பக்கம், ரெண்டு பக்கம், எதுவும் அத்துக்கல. பாத்துக்கிட்டே இருந்துட்டு, பொறவு எந்திரிச்சுப் போயி வயரைத் திருப்பி மாட்டிட்டாங்க. அத்தைகிட்டக் கேக்காம அப்படியே விட்டுறலாம்னு ஒரு நிமிஷம் கூடத் தோணலயான்னு கேட்டேன். தோணுச்சு, ஆனா அன்னைக்குக் காலைலதான் அத்தை எனக்கு முருங்கக்கீரை ஆஞ்சு கொண்டாந்து குடுத்தாவன்னாங்க.

அது வெறும் கீரை இல்ல. இத்தா ஆரம்பிச்ச நாள்லருந்து கடைக்குப் போறது, சௌதாவைப் பள்ளிக்கூடத்துல கொண்டு விடுறது, கூட்டிட்டு வர்றது எல்லாம் வெள்ளைத்தாய் அத்தைதான். ஆரிபாம்மாவுக்கு முட்டு வலி. அந்த அத்தைகிட்டப் போயி உங்க போனை எடுக்கப் போறேன்னு சொல்லணும்.

சாயங்காலம் அத்தை பால் கொண்டு வந்தப்ப சொன்னாங்க. மோடம், ஒட்டு, வேகம் எல்லாம் சொல்லி, வேலை போயிருங்கிறதையும் சொல்லி, கருத்தையா போன் வந்தா இங்க வந்து பேசிக்கங்க அத்தைன்னாங்க. அத்தை செம்பைக் கீழ வச்சாங்க.

"போனு ஒங்க அத்தா போட்டது. நான் வந்து மாட்டச் சொல்லிக் கேக்கலியே. எடுத்துக்கிடுங்க."

"அப்படி இல்ல அத்தை."

"எப்படி இருந்தா என்ன. பால் திரிஞ்சு போயிரும், காச்சு."

அம்புட்டுத்தான். மறுநாள் பால் வந்துச்சு, அத்தை வரல. பால்காரப் பையன்கிட்டக் குடுத்து விட்டாங்க. சௌதாவைக் கூட்டிட்டுப் போகவும் வரல. ஆரிபாம்மா முட்டைப் புடிச்சுக்கிட்டு நடந்தாங்க. மதார் சாகிப் வேற மகளோட பேச மாட்டேன்னுட்டாரு. மாட்டி விட்டதைத் திருப்பிப் புடுங்குறது அவரு தொழில்ல கல்யாண வீட்டுக்குத்தான், பக்கத்து வீட்டுக்கு இல்லையாம். ஆனா வயரை அறுக்கவும் இல்ல, அறுக்காதன்னு சொல்லவும் இல்ல. அக்காவே கழட்டுனாங்க.

அந்தச் சோதனை வாரம் திங்கக்கிழமை ஆரம்பிச்சுது. திங்க, செவ்வா, புதன், எல்லா நாளும் நாலரைக்கெல்லாம் பக்கம் போயிருச்சு. மேடம் போன்ல ஒண்ணும் சொல்லல, அதுவே நல்ல சேதி. ஆனா செவத்துக்கு அந்தப் பக்கம் அத்தை மாட்டோட பேசுற சத்தம் கேக்கும். முன்னெல்லாம் மாட்டுக்கிட்ட ஒரு வார்த்தை, அக்காகிட்ட ஒரு வார்த்தைன்னு போகும். இப்ப மாட்டுக்கிட்ட மட்டும்.

வியாழக்கிழமை பக்கம் ஜாஸ்தி. அக்கா அடிச்சு முடிக்கவே அஞ்சுக்கு கால் மணி இருந்துச்சு. அத்தா செட்டியார்பட்டில ஒரு சடங்கு வீட்டுக்கு ஹாரன் கட்டப் போயிட்டாரு. ஆரிபாம்மா சௌதாவைக் கூட்டிட்டு வர்றதுக்கு பள்ளிக்கூடம் போயிருந்தாங்க. வீட்டுல அக்கா மட்டும்தான். அனுப்பறதுக்கு டயல் பண்ணக் கை வச்ச நேரம் போன் அடிச்சுது. எடுத்தா கருத்தையா.

"அசீனாக்கா, காலைலருந்து அடிக்கேன், எங்கேஜ்டாவே இருக்கு. அம்மாவைக் கொஞ்சம் கூப்பிடுங்கக்கா. இன்னைக்கு ராத்திரி எங்களைப் பாலைவனத்துக்குள்ள ஒரு சைட்டுக்குக் கொண்டு போறாங்க. அங்க போனே கெடையாதாம். ஆறு மாசமோ என்னமோ. கார்டுல காசு தீரப் போவுது."

காலைலருந்து எங்கேஜ்டா இருந்ததுக்குக் காரணம், செத்த நேரம் முன்னாடி வரைக்கும் பக்கம் எடுத்துக்கிட்டே இருந்த அக்காவோட மோடம்தான். அது அவங்களுக்கே தெரியும்.

செவத்துப் பக்கம் போயி அத்தை, அத்தைன்னு கூப்பிட்டாங்க. பதில் இல்ல. அத்தை தொழுவத்துல அந்தக் கடைசில இருக்காங்க. கோவத்துல கேக்காத மாதிரி இருக்காங்களோ, உண்மையிலேயே கேக்கலயோ தெரியல. வாசலைத் தாண்டி நாலு எட்டு வச்சாப் போதும். ஆனா தாண்டக் கூடாது. இத்தா முடிய இன்னும் நாள் கெடக்கு. கடிகாரம் ஓடுது. பக்கமும் அனுப்பணும், லைனை இவன் புடிச்சிருக்கான். வச்சிருடா, பொறவு பண்ணுன்னு சொல்லிட்டு டயல் பண்ணியிருந்தா வேலை மிஞ்சியிருக்கும். நான் அந்த எடத்துல இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. நெஜமாவே தெரியல.

அக்கா ரிசீவரை மேசை மேல வச்சுட்டு முன் ரூமுக்குப் போனாங்க. அத்தாவோட ஆம்ப்ளிபயர். மொட்டை மாடில டெஸ்ட் பண்றதுக்குன்னு ஒரு ஹாரன் எப்பவும் கட்டியே கெடக்கும், தெருவைப் பாத்து. சுவிட்சைப் போட்டாங்க. மைக்கை எடுத்தாங்க. ஊய்ங்குன்னு ஒரு சத்தம்.

"வெள்ளைத்தாய் அத்தை. கருத்தையா லைன்ல இருக்கான். சீக்கிரம் வாங்க. அசீனா பேசுறேன்."

தெருவுக்கே குரல் கேக்கக் கூடாதுன்னு இருந்த பொம்பளை, ஹாரன்ல. டீக்கடையில இருந்தவங்க எல்லாம் எந்திரிச்சு மாடியைப் பாத்தாங்களாம். ரெண்டு தெரு தள்ளி ஆரிபாம்மா சௌதா கையைப் புடிச்சுக்கிட்டு வந்துக்கிட்டிருந்தவங்க, நடு ரோட்டுலயே நெத்தியில கை வச்சு நின்னுட்டாங்க. சௌதாதான் கேட்டிருக்கா, "நன்னிம்மா, அம்மாவுக்குக் கல்யாணமா, மைக்ல பேசுது"ன்னு. கோவம் வர்ற நேரத்துல ஆரிபாம்மாவுக்குச் சிரிப்பும் வந்துருச்சாம்.

வெள்ளைத்தாய் அத்தை பின்வாசல் வழியா ஓடி வந்தாங்க. ரெண்டு கையிலயும் முழங்கை வரைக்கும் சாணி. கழுவுறதுக்கு நேரமில்ல. ரிசீவரைத் தொட முடியாம முழிச்சுக்கிட்டு நின்னாங்க. அக்கா ரிசீவரை எடுத்து அவங்க காதுல வச்சுப் புடிச்சாங்க. மூணு நாளாப் பேசாத ரெண்டு பேரு, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்காம, கன்னத்துக்குக் கன்னம் வச்ச மாதிரி நிக்கிறாங்க. ரிசீவரைப் புடிச்சிருக்கிற வரைக்கும் அக்காவால வேற எதையும் தொட முடியாது. கம்ப்யூட்டர் பின்னாடி சும்மா ஓடிக்கிட்டிருக்கு.

அத்தை வழக்கம் போல தொண்டை கிழிய ஆரம்பிச்சாங்க, "ஏலே கருத்தையா"ன்னு. அந்தப் பக்கத்துலருந்து, "எம்மா, ஏம்மா கத்துத, மெதுவாப் பேசு, நல்லாக் கேக்குது"ன்னு வந்துச்சு. அக்காவுக்கே கேட்டுச்சாம், அவ்வளவு தெளிவு.

அத்தை, பக்கத்துல உக்காந்திருக்கிற ஆளுக்கிட்டப் பேசுற மாதிரி, மெதுவா, "சாப்பிட்டியாய்யா"ன்னு கேட்டாங்க.

அந்த வயரை இழுத்ததுலருந்து அம்மாவும் மகனும் போன்ல கத்தாமப் பேசுனது அன்னைக்குத்தான். பாலைவனம், தண்ணி, செருப்பு, மாடு சினையா இருக்கிறது, என்னென்னமோ பேசுனாங்களாம். ரொம்ப நேரமெல்லாம் இல்ல. கார்டு தீந்து டொய்ங்குன்னு கட்டாச்சு. கட்டான பொறவும் அத்தை காதை எடுக்கல. அக்காவும் கையை எடுக்கல.

பொறவு அத்தை கடிகாரத்தைப் பாத்தாங்க. "அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னியே ட்டி"ன்னாங்க.

அக்கா டயல் பண்ணாங்க. அத்தை ரெண்டு கையையும் தூக்கிப் புடிச்சுக்கிட்டு எங்கயும் படாம நடு ரூம்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தாங்க. நரி ஊளையிட்டு முடிஞ்சதும் இருபத்தெட்டாயிரத்து எண்ணூறுன்னு வந்துச்சு. பழைய லைனா இருந்தா ராத்திரி இஷாத் தொழுகை வரைக்கும் ஆகியிருக்கும். பக்கம் எல்லாம் போயி முடிஞ்சப்ப அஞ்சு தாண்டி செத்த நேரம்தான் ஆகியிருந்துச்சு. ஆனாலும் தாண்டியிருச்சு.

மேடம் போன் பண்ணாங்க. ஏன் லேட்டுன்னு கேட்டாங்க. அக்கா மழுப்பல, நடந்தது நடந்தபடி சொல்லிட்டாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக லைனை விட்டுக் குடுத்தேன் மேடம், தப்பு என்னோடதுதான்னாங்க. மேடம், மெயில் எப்படி ஒரே மூச்சுல வந்துச்சு, முன்னெல்லாம் துண்டு துண்டா வருமேன்னு கேட்டாங்க. அக்கா லைனைச் சரி பண்ணதைச் சொன்னாங்க. "சரி, நாளைலருந்து இன்னும் பத்துப் பக்கம் சேத்து அனுப்புறேன்"னு சொல்லிட்டு வச்சுட்டாங்க. மேடத்துகிட்ட நானே கேட்டேன், ஒரு நாள் தவறினாலும் எடுத்துருவேன்னு சொன்னீங்களேன்னு. "சென்னைக்காரனுக்கு நான் சொல்ற டைம் அஞ்சு இல்ல, ஆறு. இதெல்லாம் உனக்கு எதுக்கு, நீ அடி"ன்னுட்டாங்க.

ஹாரன்ல பேசுனதுக்கு ஊருல பேச்சு வராம இல்ல. பள்ளிவாசல் தெருவுல ரெண்டு பேரு மதார் சாகிப்பை நிறுத்திக் கேட்டிருக்காங்க. அதுக்குள்ள பள்ளிவாசல்ல தொழ வைக்கிற ஹஜ்ரத்தோட வீட்டம்மாவே ஆரிபாம்மாகிட்ட வந்து, தாயைப் பிள்ளையோட சேத்து வைக்கத்தான கூப்பிட்டா, பாட்டா பாடுனான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதோட அமுங்கிருச்சு. பால்ச்சாமி மட்டும் விடல. பஸ்ஸை ராஜபாளையத்துல எடுக்கும்போதெல்லாம், "கருத்தையா லைன்ல இருக்கான், ஏறுறவங்க சீக்கிரம் ஏறுங்க"ன்னு ரொம்ப நாள் கத்திக்கிட்டிருந்தாரு.

மறுநாள் காலைல சௌதாவைக் கூட்டிட்டுப் போக அத்தை வந்தாங்க. ஒண்ணும் நடக்காத மாதிரி, எண்ணெய் வச்சு சடை போடலியா பிள்ளைக்கின்னு ஆரிபாம்மாவை ஏசுனாங்களாம். மதார் சாகிப்பும் எறங்கி வந்தாரு. செவத்துல தொங்குன அதே பழைய வயரை அத்தை வீட்டு போன் பெட்டிலருந்து கழட்டி, ஒரு பேட்டரியும் காலிங்பெல்லும் மாட்டிக் குடுத்தாரு. போன் வந்தா அக்கா இங்க பட்டனை அமுக்கணும், அத்தை வீட்டு அடுப்படில மணி அடிக்கும். அதுக்கு எத்தனை ஒட்டு இருந்தாலும் பரவாயில்ல. மணியை அமுக்கி அமுக்கிப் பாத்துட்டு, வயரு நல்ல வயருதான், போட்ட எடம்தான் தப்புன்னு மகள்கிட்டச் சொன்னாராம். பேச ஆரம்பிச்சதே அப்படித்தான்.

இத்தா முடிஞ்ச அன்னைக்கு அக்கா குளிச்சுத் தொழுதுட்டு வாசலைத் தாண்டுனாங்க. எங்க போனீங்கன்னு கேட்டேன். பஸ் ஸ்டாண்டுன்னு நெனச்சேன். இல்ல, பக்கத்து வீட்டுக்கு. அடுப்படில செத்துப் போன அந்த போன் பெட்டி அப்படியே இருந்துச்சாம். ஓரத்துல பின்னல் போட்ட துணி ஒண்ணு மூடி, தூசி இல்லாம. இனி இது எதுக்கு அத்தை, எடத்தை அடைச்சுக்கிட்டு, கழட்டிரட்டான்னு அக்கா கேட்டாங்க.

"கெடக்கட்டும் ட்டி"ன்னாங்களாம் அத்தை. "வாரவளுக ஒவ்வொருத்தியும் கேக்கா, ஒனக்கும் போனு இருக்கான்னு. இருக்குன்னு சொல்லிக்கிடுவேன்."

இப்ப அக்கா சென்டருக்கு பஸ்லதான் வாராங்க. பால்ச்சாமி பஸ்ல, ஜன்னல் ஓரத்து சீட்டு. கருத்தையா பாலைவனத்துலருந்து திரும்பி வந்து மறுபடி ஞாயித்துக்கிழமை பேசுறான். தெருவுக்கு இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேங்குது, அவன் என்ன தின்னான்னு யாருக்கும் தெரியல.